நாற்பத்து மூன்றாம் பக்கம்

நாவல் வந்து பதினேழு நாள்.
கட்டிலுக்கடியில் நான்கு பெட்டி,
அரிசி டப்பாவை ஒட்டி இன்னொன்று.
தோசைக்கல் காயும் நேரத்தில்
யாருக்காவது அட்டைப்படம் அனுப்புகிறேன்.
கைகூப்பிய மஞ்சள் பொம்மை ஒன்று திரும்பி வருகிறது.
கூட்டுறவு வங்கிக் கவுன்டரில்
நகைக்கடன் திருப்ப வந்தவரிடம்
ரசீதோடு சேர்த்து ஒரு பிரதியை நீட்டினேன்.
"இதுக்கும் வட்டி உண்டா?" என்றார்.

ஞாயிறு மாலை ஐந்துக்கு
காரைக்குடியில் அறிமுகக் கூட்டம்.
அதே ஞாயிறு காலை
பிள்ளையார்பட்டியில் கொழுந்தனாருக்குச் சாந்தி.
"ரெண்டையும் முடிச்சுப்புடலாம்" என்றார் தண்ணீர்மலை,
கணவர்களுக்கே வாய்த்த தெம்போடு.

தேவகோட்டையில் கிளம்பும்போது
டிக்கியில் அறுபது பிரதி.
முன்சீட்டில் நாத்தனார் சிகப்பி, வாந்தி வருமென்று.
பின்னால் நானும் பிள்ளைகளும்,
மடியில் சீர்த்தட்டு.
வாந்தி வந்தது சின்னவனுக்கு.
ரஸ்தா தாண்டியதும்,
நான் பேச எழுதி வைத்திருந்த தாளின்மேல்.

திரும்பும்போது மணி நாலு.
குன்றக்குடி தாண்டி டயர் போனது.
"ஸ்டெப்னி எங்க?"
"என் புத்தகத்துக்கு அடியில."

புளியமரத்தடியில் துண்டு விரித்து
அறுபதையும் இறக்கினோம்.
அத்தனையும் ஒன்றாக வெளிச்சத்தில் கிடந்து
அன்றுதான் பார்த்தேன்.
டவுன் பஸ் ஒன்று வேகம் குறைத்தது.
"என்ன ரேட்டு?" என்றார் கண்டக்டர்,
பதிலுக்கு நிற்கவில்லை.
ஸ்டெப்னியிலும் காற்று இல்லை.

தண்ணீர்மலை என்னைப் பார்க்கவில்லை.
பார்க்காமலிருக்க அவரிடம் ஏழெட்டு விதம் உண்டு.
இது நான் பார்த்திராத விதம்.

டிவிஎஸ்ஸில் ஒரு பையன் வந்தான், சவரி.
சோப்புத் தண்ணீர் தெளித்து,
ஆணி பிடுங்கி,
ரப்பர் திரியைக் குத்திச் செருகினான்.
காற்று ஏறும்வரை சும்மா நிற்க முடியாமல்
கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு
மேலே கிடந்த பிரதியை எடுத்தான்.
நடுவில் பிரித்தான்.
உதடு அசையப் படித்தான்.

"அக்கா, இது நீங்களா?"
பின்னட்டையையும் என்னையும் பார்த்தான்.
"நாப்பத்தி மூணாம் பக்கத்துல
புதுக் கார்ல ட்யூபைக் கழட்டி ஒட்டுறான்னு போட்டிருக்கீக.
இந்த மாதிரி வண்டில ஏதுக்கா ட்யூப்?"

ஆறு தடவை திருத்தியது.
பதிப்பாளர் படித்தது.
முன்னுரையில் ஒருவர்
'அன்றாடத்தின் நுட்பங்கள்' என்று வியந்தது.

முதலில் சிகப்பி சிரித்தாள்.
பிறகு தண்ணீர்மலை, ஜாக்கியைக் கீழே வைத்துவிட்டு.
பிறகு நான், வேறு வழியில்லாமல்.

"எவ்வளவுப்பா?"
"நூத்தம்பது. புக்கு நூத்தியெம்பதுன்னு போட்டிருக்கு.
கழிச்சுக்கங்க."
மூன்று பத்து ரூபாய்த் தாள்,
கிரீஸ் வாசனையோடு என் உள்ளங்கையில்.

கூட்டத்துக்குப் போனபோது ஆறு இருபது.
ஃபிளெக்ஸில் மெய்யம்மைக்கு ஒரு 'ம்' குறைவு.
மைக்காரரோடு சேர்த்துப் பதினோரு பேர்.
நான் இல்லாமலே என்னைப் பாராட்டி முடித்திருந்தார்கள்.
தாள் இல்லாததால்
ட்யூப் இல்லாத டயரைப் பற்றிப் பேசினேன்.
நான்கு பிரதி போயிற்று, ஒன்று கடனுக்கு.
"முடிவை ஏன் தொங்கலில் விட்டீர்கள்?" என்று ஒருவர் கேட்டார்.
வேண்டுமென்றேதான் என்றேன்.

திங்கள் காலை, குக்கர் மூன்றாவது விசில்.
தெரியாத எண்.
"அக்கா, சவரி. பஞ்சர்.
ராத்திரியே முடிச்சுட்டேன்.
அந்தக்கா கடைசில பஸ்ல ஏறுச்சா, ஏறலியா?"

வேண்டுமென்றேதான் என்று
இவனிடம் சொல்ல வாய் வரவில்லை.
சின்னவன் ஒற்றை ஷூவோடு நிற்கிறான்.
வாசலில் ஸ்கூல் வேன் ஹாரன்.
"இருப்பா" என்றேன்,
"பார்த்துட்டுச் சொல்றேன்."